மழைக்காலத்துக்கு முன் வண்டியின் அடிப்பாகத்தைத் துருவினின்றும் காத்தல்

மாட்டு வண்டியே கிராமத்தின் முக்கியமான போக்குவரத்துச் சாதனமாயிருந்த காலத்தில், அச்சுக்கு மையிடாமல் வண்டி பூட்டும் குடியானவனைக் காண்பது அரிது. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து அச்சிலிடுவதும், உழவு முடிந்தபின் கொழுவைத் துடைத்து எண்ணெய் தடவி வைப்பதும் வீட்டுச் சிறுவருக்கும் தெரிந்த காரியங்களாயிருந்தன. இப்பொழுது அவ்வண்டியின் இடத்தில் டிராக்டரும், டிரெய்லரும், ஜீப்பும், சிறு சரக்கு மோட்டாரும் வந்திருக்கின்றன. இவை பல லட்ச ரூபாய் விலையுள்ளவை. பெரும்பாலும் கடன் பெற்று வாங்கப்படுபவை. ஆயினும் பழைய வண்டியச்சுக்குக் கிடைத்த கவனிப்பு இவற்றின் அடிப்பாகத்துக்குக் கிடைப்பதில்லை. மேற்பாகம் பளபளவென்று துடைக்கப்பட்டிருக்க, அடிப்பாகம் சேறு அப்பித் துருவேறிக் கிடக்கும் வண்டிகளே மிகுதி. கடன் தீருமுன் வண்டி தீர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம். அதனினும் பெரிய விஷயம், ஓட்டுபவனுடைய உயிர் இந்த அடிப்பாகத்தையே நம்பியிருக்கிறது என்பதாம்.

துருவின் தன்மை

இரும்பு துருப்பிடிப்பதற்குத் தண்ணீரும் பிராணவாயுவும் ஒருங்கே வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விலக்கினாலும் துரு வளராது. தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியும் ஈரமாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவுப் பனியால் இரும்பின் மேற் படியும் மெல்லிய ஈரமே போதுமானது.

இத்துடன் உப்புச் சேர்ந்தால் கேடு பன்மடங்காகிறது. துருப்பிடித்தல் உண்மையில் ஒரு சிறு மின்சார ஓட்டமாகும். இரும்பின் ஓரிடம் கரைந்து மின்சக்தியை வெளிவிட, வேறோரிடம் அதனை ஏற்கிறது. நல்ல தண்ணீரில் இவ்வோட்டம் மெதுவாய் நடைபெறும். உப்பு நீரில் விரைவாய் நடைபெறும். மேலும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-க்கு மேற்படும்பொழுது உப்பானது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கசிகின்றது. ஆகவே உப்புப் படிந்த இரும்பு, மழையில்லாத இரவுகளிலும் நனைந்தே இருக்கும்.

சேற்றின் கீழ் இரும்பு அதிகமாய் அரிக்கப்படுவதன் காரணமும் இங்கு அறியத்தக்கது. சேறு அப்பிய இடத்திற்குப் பிராணவாயு குறைவாகவும், அதனையடுத்த திறந்த இடத்திற்கு மிகுதியாகவும் கிடைக்கிறது. இவ்வேற்றுமையினாலேயே மின்னோட்டம் உண்டாகிப் பிராணவாயு குறைந்த இடம், அஃதாவது சேற்றின் அடியிலுள்ள இரும்பு, கரையத் தொடங்குகிறது. சேறு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த அரிப்பு நாட்கணக்கில் நடக்கும். “சேறு காய்ந்தால் தானே உதிர்ந்துவிடும்” என்று விட்டுவிடுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இடங்கொள்வது. ஆகையால் இரண்டு தகடுகள் சேருமிடத்தில் உட்புகுந்த துரு அவற்றைப் பிளந்து விரித்து, மேலும் ஈரம் செல்ல வழி செய்துகொள்கிறது.

குளிர்நாடுகளின் அநுபவம்

வாகனங்களின் அடிப்பாகம் துருவேறுவதைப்பற்றிக் குளிர்நாட்டார் பெற்றுள்ள அநுபவம் மிகப் பெரிது. அமெரிக்காவின் வடபகுதியிலும், கனடாவிலும், சுவீடன் முதலிய ஐரோப்பிய நாடுகளிலும் குளிர்காலத்தில் சாலைகளின்மேல் தண்ணீர் உறைந்து, சக்கரங்கள் வழுக்கி விபத்துக்கள் நேரும். அதைத் தடுக்கச் சாலையின்மேல் உப்பைத் தூவுவார்கள். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது. தக்க அளவிற் கலந்தால் சூனியத்துக்குக் கீழ் 21 டிகிரி சென்டிகிரேட் வரையிலும் உறையாமலிருக்கும். அமெரிக்காவில் 1940-களின் தொடக்கத்தில் தலையெடுத்த இவ்வழக்கம், இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் மிக விரிவடைந்தது. பயணம் எளிதாயிற்று, ஆனால் சக்கரங்கள் வாரியடித்த உப்புநீரால் வண்டிகளின் அடித்தகடுகள் சில ஆண்டுகளிலேயே ஓட்டை விழத்தொடங்கின.

அந்நாட்டார் கண்ட பரிகாரம் மூன்று பகுதிகளையுடையது. குளிர் தொடங்குமுன் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து மெழுகு அல்லது எண்ணெய்ப் பூச்சு இடுதல். குளிர்காலம் முழுவதும் அடிக்கடி அடிப்பாகத்தைக் கழுவுதல். குளிர் நீங்கியதும் தங்கிய உப்பையெல்லாம் முற்றிலும் கழுவிப் பரிசோதித்தல். தமிழ்நாட்டில் உறைபனிச் சாலைகள் இல்லையெனினும், இம்மூன்று பகுதிகளும் இங்கும் பொருந்துவனவே.

தமிழ்நாட்டில் உப்பு வரும் வழிகள்

முதலாவது, கடற்காற்று. கடலோரத்து முதற் சில நூறு கெஜங்களில் உப்புத் துளிகள் மிகுதியாய்ப் படியும்; உள்நாடு செல்லச் செல்லக் குறையும். 1948-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தில் ஒரு சோதனையிடம் அமைத்து, கடற்காற்று உலோகங்களை அரிக்கும் வகையை ஆராய்ந்துவருகிறது. அதனை அடுத்துள்ள பாம்பன் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது முதல் அதன் இரும்புக்கு இடைவிடாது வர்ணம் பூசிக் காக்க நேர்ந்தமை பலரும் அறிந்ததே.

இரண்டாவது, உப்பும் உப்புநீரும் நேராகப் படுதல். தூத்துக்குடி, வேதாரண்யம் முதலிய இடங்களில் உப்பளச் சரக்கு ஏற்றும் வண்டிகளும், இறால் பண்ணைகளில் வேலை செய்யும் வண்டிகளும், கரையில் படகுகளை இழுக்கும் டிராக்டர்களும் இதற்குள்ளாகின்றன. 2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த சுனாமியைப்போல் கடல்நீர் ஊருக்குள் புகும் சமயங்களில் நனைந்த வண்டிகளுக்கும் இதே கதியாம்.

மூன்றாவது, உரம். இதனைக் குடியானவர்கள் சாதாரணமாய் எண்ணுவதில்லை. மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி குளோரைடு ஆகும். சமையலுப்பில் இரும்பை அரிப்பதும் அதே குளோரைடுதான். அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்திற் கரைந்து இரும்பைத் தின்னும். மூட்டையிலிருந்து சிந்திய உரம் டிரெய்லரின் பலகை இடுக்குகளின் வழியே அடிச்சட்டத்திற் சென்று தங்குகிறது. ஆகவே கடலினின்றும் வெகுதூரத்திலுள்ள கிராமங்களிலும் இத்தீங்கு உண்டு.

முதலிற் கெடும் இடங்கள்

துரு எங்கும் ஒரேவிதமாய்ப் பிடிப்பதில்லை. சேறும் ஈரமும் தங்கும் மறைவிடங்களே முதலிற் கெடுகின்றன. அவையாவன:

மட்கார்டின் உட்புற விளிம்பு, சேஸிசின் குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிச் சட்டங்கள், பற்றவைத்த இடங்கள், வில்பட்டைகளின் இடுக்குகள், டிரெய்லர்ப் பலகையைத் தாங்கும் கோணச் சட்டங்கள், டிராக்டரோடு டிரெய்லரை இணைக்கும் கொக்கி, அதன் ஊசி, இழுவைச் சட்டத்தின் அடிமுனை, ஜீப், சரக்கு மோட்டார் முதலியவற்றில் பிரேக் எண்ணெய் செல்லும் எஃகுக் குழாய்கள்.

இவற்றுட் கடைசி இரண்டும் உயிர்க்காவலான பாகங்கள். பிரேக் குழாயின் தகடு ஒரு மில்லிமீட்டர்க் கனமும் இல்லாதது. அதனைப் பிடித்திருக்கும் கவ்விகளின் அடியிற் சேறு தங்கித் துருவேறினால், அவசரத்தில் பலமாய் மிதிக்கும் அந்த வேளையிலேயே அது வெடித்து எண்ணெய் வெளியேறிவிடும். இழுவைக் கொக்கியோ, கரையேறும்பொழுது பாரம் முழுவதையும் தாங்குவது. அரிப்பும் இழுப்பும் சேர்ந்த இடத்தில் சிறு பிளவும் எவ்வளவு பெரிய நாசத்தை விளைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஒஹையோ நதியின்மேல் 1928-ல் கட்டப்பட்ட சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15-ம் தேதி மாலை இடிந்து விழுந்து 46 பேர் மாண்டனர். இணைப்பூசி செல்லும் சட்டக்கண் ஒன்றின் உட்புறத்தில், அரிப்பினால் உண்டான, மூன்று மில்லிமீட்டர் ஆழமும் இல்லாத பிளவே அதற்குக் காரணமென்று விசாரணையிற் கண்டார்கள். அவ்விடம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாததாயிருந்தது. டிரெய்லரின் கொக்கியும் அதன் ஊசியும் இதே வகையான இணைப்பே என்பதை மறத்தலாகாது.

இரண்டு டிரெய்லர்கள்

ஒரே நாளில், ஒரே பட்டறையில், ஒரே விலைக்கு வாங்கப்பட்ட இரண்டு டிரெய்லர்களை உதாரணமாகக் கொள்ளலாம். ஒன்றன் சொந்தக்காரர் ஆண்டுதோறும் அடிப்பாகத்தில் கருந்தார்ப் பூச்சு தடித்து அப்பச் செய்கிறார். ஆனால் கழுவுவதில்லை, துருவைச் சுரண்டுவதுமில்லை. மற்றவர் பூச்சுக்கு மிகக் குறைவாகவே செலவிடுகிறார். ஆனால் சேற்றில் இறங்கிய ஒவ்வொரு முறையும் கழுவி, உலர்ந்த இடத்தில் நிறுத்துகிறார். சில ஆண்டுகள் சென்றபின் முதலாமவருடைய டிரெய்லர் பார்வைக்குக் கறுப்பாய் உறுதியாய்த் தோன்றும். சுத்தியால் தட்டினாலோ, தாரின் அடியில் இரும்பு அடுக்கடுக்காய் உதிரும். ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடிய பூச்சு, காவலாகாமல் உறையாகிவிட்டது. இரண்டாமவருடையதில் ஆங்காங்கே செம்மை தோன்றினாலும், தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே: பூச்சு இரண்டாவது; கழுவி உலர்த்துதல் முதலாவது.

கழுவும் முறை

சேற்றுழவோ, உரம் ஏற்றுதலோ, கடற்கரை வேலையோ முடிந்த அன்றே கழுவுதல் வேண்டும். காய்ந்த சேற்றைப் போக்குவது கடினம். மட்கார்டின் உட்புறம், பெட்டிச் சட்டத்தின் துளைகள், கேஜ் வீல் சேருமிடம், ரோட்டவேட்டரின் மூடி இவற்றைக் கீழிருந்து மேல்நோக்கித் தண்ணீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். பெட்டிச் சட்டங்களின் அடியில் நீர் வடிவதற்கென்று விடப்பட்ட சிறு துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறப்பது அவசியம். பம்பினால் வேகமாய்ப் பாய்ச்சுகிறவர்கள், அச்சின் எண்ணெய்த் தடுப்பு வளையங்களிலும், பேரிங்குகளிலும், மின்கம்பி இணைப்புக்களிலும் நேராகப் படாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். பேரிங்கு நீர் புகுந்தால் உடனே புதுக் கிரீஸ் ஏற்றுதல் நலம்.

கழுவும் தண்ணீரும் கவனிக்கத்தக்கது. கடற்கரைக் கிராமங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்புக் கரிக்கும். அந்நீராற் கழுவுவது உப்பை உப்பாற் கழுவுவதேயாம். வாயிற் கரிக்கும் தண்ணீரை விடுத்து, வாய்க்கால் நீரையோ, குளத்து நீரையோ, சேமித்த மழைநீரையோ பயன்படுத்தவேண்டும். நல்ல நீர் குறைவாயிருப்பின், கடைசி அலசலுக்காவது அதனை வைத்துக்கொள்ளலாம்.

கழுவியபின் வண்டியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்தவேண்டும். புல்தரையிலும் ஈரமண்ணிலும் நிறுத்தினால் கீழிருந்து எழும் ஈரம் இரவு முழுவதும் அடிப்பாகத்தில் படியும். சாணக் குவியலுக்கும் உரமூட்டைகளுக்கும் அருகில் நிறுத்துவதும் தகாது.

துருவை நீக்கிப் பூச்சிடும் முறை

ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன், இவ்வேலையைச் செய்யவேண்டும். ஆயுத பூஜைச் சமயம் இதற்கு மிகவும் ஏற்றது. அப்பொழுது எல்லா இயந்திரங்களும் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. பின்னர் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இப்பருவத்திலேயே பெய்கிறது. பூஜைக்கு முந்திய வாரத்தில் மேற்பாகத்தோடு அடிப்பாகத்தையும் சேர்த்துக் கவனித்தால் தனியே ஒருநாள் வேண்டுவதில்லை.

முதலில் எச்சரிக்கை ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகலாகாது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, உறுதியான மரக்கட்டைகளின்மேல் அச்சை இருத்திய பின்னரே வேலை தொடங்கவேண்டும். டிராக்டர் தூக்கி வைத்திருக்கும் கருவிகளைத் தரையில் இறக்கிவிடவேண்டும். துருத்தூள் கண்ணிற் படாதிருக்கக் கண்ணாடியும், மூக்குக்குத் துணியும் அவசியம்.

முற்றிலும் உலர்ந்த இரும்பைச் சிறு சுத்தியால் எங்கும் தட்டிப் பார்க்கவேண்டும். மந்தமான ஒலி வருமிடத்தில் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்க. உள்ளே செல்லுமாயின் பூச்சினாற் பயனில்லை. அப்பாகத்தை வெட்டி, புதுத்தகடு பற்றவைக்கவேண்டும். பிரேக் குழாயில் துரு குழிவிழுந்திருந்தாலும், கொக்கியின் கண் தேய்ந்து நீண்டிருந்தாலும், பிளவு கண்டாலும், அவற்றை மாற்றியே தீரவேண்டும்.

மற்றவிடங்களில் உதிரும் துருவைக் கம்பி பிரஷினாற் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவேண்டும். எட்டாத மூலைகளில் எஞ்சும் மெல்லிய துருவுக்கு, துருமாற்றி என்ற திரவங்கள் கடைகளிற் கிடைக்கின்றன. இவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுப்பு மையாவதைப் பழைய கணக்கர்கள் அறிவார்கள். கடுக்காயின் துவர்ப்புப்பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் அதே கருநிறமே டானிக் அமிலம் துருவிற் பட்டாலும் தோன்றுகிறது. ஆனால் இத்திரவம் உதிரும் கனத்த துருவைக் குணப்படுத்தாது.

பின்னர் ரெட் ஆக்ஸைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒருமுறை பூசி, காய்ந்தபின் எனாமல் வர்ணம் இரண்டு முறை பூசலாம். ஒரு லிட்டர் பிரைமர் சாதாரணமாய் 8 முதல் 10 சதுர மீட்டர் வரை ஒருமுறை பூசப் போதும். முற்காலத்தில் வழங்கிய ஈயச் செந்தூரப் பூச்சு விஷமுள்ளதாகையால் விலக்கத்தக்கது. காலைப்பனி ஈரம் முற்றும் நீங்கிய பின், பத்து மணிக்கு மேல் தொடங்கி, மாலை ஈரம் இறங்குமுன் பூச்சு வேலையை முடிக்கவேண்டும்.

பெட்டிச் சட்டங்களின் உட்புறத்தில் பிரஷ் செல்லாது. அங்கே, கசிந்து பரவும் மெழுகுத் திரவத்தையோ, ஆட்டு மயிரிலிருந்து எடுக்கப்படும் லானோலின் கலந்த திரவத்தையோ நீண்ட குழாயால் பீச்சவேண்டும். இவை காய்ந்து வெடிக்காமல் மெல்லிய படலமாய் நின்று, ஈரத்தை அண்டவிடாமற் செய்கின்றன. ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். நீர்வடி துளைகளை இத்திரவம் அடைத்துவிடாமற் கவனிக்கவேண்டும்.

சக்கரம் கல்லெறியும் இடங்களுக்குத் தார்ப்பூச்சு ஏற்றதே. ஆயினும் அது புதிய அல்லது முற்றிலும் சுத்தமான இரும்பின்மேல் மட்டும் இடத்தக்கது. நாளடைவில் அது இறுகி வெடிக்கும். வெடிப்பில் நீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும். ஆகவே வெடித்த தாரைச் சுரண்டியெடுத்த பின்னரே மறுபடி பூசவேண்டும்.

புகைக்குழாய், பிரேக் டிரம், பிரேக் தட்டு, ரப்பர்க் குழாய்கள், மின்னிணைப்புக்கள் இவற்றின்மேல் எப்பூச்சும் படலாகாது.

கழிவு எண்ணெயைப்பற்றி

இஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை அடிப்பாகத்தில் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. செலவில்லாத உபாயமென்று இது தோன்றும். ஆனால் அதில் இஞ்சினிற் பிறந்த அமிலப்பொருள்களும் உலோகத்தூளும் கலந்திருக்கின்றன. அது ரப்பர்ப் பாகங்களை ஊதச்செய்து கெடுக்கும். தோலில் நெடுநாள் பட்டால் உடலுக்குத் தீங்கு. வயலில் இறங்கும் டிராக்டரினின்றும் அது கழுவப்பட்டு, பயிர்நிலத்திலும் பாசன நீரிலும் சேரும். இரும்பைக் காக்க நிலத்தைக் கெடுப்பது குடியானவனுக்கு லாபமாகாது.

பருவந்தோறும் செய்யத்தக்கவை

புரட்டாசி, ஐப்பசி: மழைக்கு முன் முழுச் சுத்தம், பரிசோதனை, பூச்சு.

ஐப்பசி முதல் மார்கழி வரை: சேற்றில் இறங்கிய அன்றே கழுவுதல், வாரம் ஒருமுறை நீர்வடி துளைகளையும் இழுவைக் கொக்கியையும் பார்த்தல்.

தை, மாசி: அறுவடைப் போக்குவரத்து முடிந்தபின், தங்கிய சேறும் உரமும் நீங்க முற்றும் கழுவி, வெயிலில் உலர்த்தி, பூச்சு பெயர்ந்த இடங்களைச் சரிசெய்தல்.

கடலோரத்தார் கோடையிலும் மாதத்துக்கு இருமுறை நல்ல நீரில் அலசுதல் நலம்.

கிராம அலுவலர்கள் கவனிக்கவேண்டியவை

கூட்டுறவுச் சங்கங்களும் கூட்டு அமைப்புக்களும் வாடகைக்கு விடும் இயந்திரங்கள் பலர் கையில் மாறுவதால், கழுவும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமற் போகிறது. இயந்திரம் திரும்பி வரும்பொழுது அடிப்பாகம் கழுவப்பட்டிருக்கிறதா, கொக்கியும் ஊசியும் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவேட்டிற் குறித்தபின் ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினால் இக்குறை நீங்கும். சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டத்துக்கு ஒவ்வாதது. துருவேறிய கொக்கியோடு கூடிய டிரெய்லரில் அது எத்தகைய ஆபத்து என்பதை நடவு, அறுவடைக் காலங்களில் எடுத்துரைப்பது அவர்கள் கடமையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிற்கு அரிய கருவிகளோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை. நல்ல தண்ணீர், கம்பி பிரஷ், உப்புத்தாள், சிறிது வர்ணம், மெழுகுத் திரவம், ஆண்டில் இரண்டு மூன்று நாள் உழைப்பு ஆகியவையே போதும். அச்சுக்கு மையிட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிய வேலையுமன்று. வேலை முடிந்து வந்த மாட்டைக் கழுவாமற் கட்டுத்தறியில் விடாத குடியானவர், சேற்றோடு வந்த வண்டியையும் அவ்வண்ணமே பாவிப்பாராயின், அவ்வண்டி கடன் தீர்ந்த பின்னும் பல்லாண்டு உழைக்கும். அதனை ஓட்டுபவனும் ஒவ்வொரு மாலையும் பத்திரமாய் வீடு திரும்புவான்.